கசடு அக்கா

"கையை எடு."

சொல் வருவதற்கு முன்பே அடி விழுந்துவிடும். பியோ மல்சுன் அம்மாளின் கையில் முதுகு சொறிகிற மூங்கில் குச்சி ஒன்று எப்போதும் இருக்கிறது. கடைகளில் அதற்குப் 'பாசக்கார மகனின் கை' என்று பெயர். மல்சுன் அம்மாளின் முதுகுக்கு அது உதவியதைவிட அடுத்தவர் விரல்களைப் பதம் பார்த்ததுதான் அதிகம். புதிதாகக் கொட்டிய காங்கிரீட்டைக் கண்டால் மனிதனுக்கு விரலை வைத்து அழுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. கம்பி கட்டுகிறவருக்கும் தோன்றுகிறது, பொறியாளருக்கும் தோன்றுகிறது, காரில் வந்து இறங்கும் அதிகாரிக்கும் தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரே அடிதான்.

"என்ன, சந்தையில டோஃபு வாங்க வந்தியா, அழுத்திப் பாத்து எடுக்கறதுக்கு?"

அடி வாங்கியவர் கையைத் தடவிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பார். அதுவும் எப்போதும் ஒரே கேள்விதான். "இன்னும் கெட்டியாகலையா மேடம்?" இந்தக் கேள்வியைக் கேட்டதும் மல்சுன் அம்மாள் கண்ணை மூடிக்கொள்வார். பதில் சொல்ல அல்ல, வாயில் வருவதை விழுங்குவதற்கு. பாதி நாள் விழுங்க முடிவதில்லை.

ஐம்பத்தேழு வயது. குட்டையான உருவம். வெயில் படாமல் கழுத்தை மூடும் பூப்போட்ட தொப்பி, அதற்கு மேல் ஹெல்மெட், முழங்கை வரை பூப்போட்ட கையுறை, அதற்குச் சற்றும் பொருந்தாத ரப்பர் பூட்ஸ். தென்கொரியாவின் குவாங்யாங் ஊரில், காங்கிரீட்டைக் கலந்தே அனுப்புகிற ஒரு ரெடிமிக்ஸ் ஆலையின் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். நேரில் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'கசடு அக்கா'. இரண்டாவது பெயர் தனக்குத் தெரியாது என்பதுபோல் நடந்துகொள்கிறார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்கிறவன் தொலைபேசியில் கூப்பிட்டால் மட்டும் முதல் முறை எடுக்க மாட்டார்.

பெயர் சும்மா வரவில்லை. உருக்காலையில் இரும்பை உருக்கும்போது மேலே மிதந்து வருகிற கசட்டை, சூட்டோடு தண்ணீரில் பாய்ச்சி மணலாக்கி, அரைத்து வெள்ளைத் தூளாக்குகிறார்கள். சிமெண்ட்டில் கொஞ்சம் அதைக் கலப்பது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். மல்சுன் அம்மாள் முக்கால்வாசிச் சிமெண்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கசட்டைப் போட்டார். அதைச் சரியாக வரவைப்பதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது. நரைக்குக் காரணம் கசடு இல்லை, அதைப் பற்றிப் பேச வருகிற ஆண்பிள்ளைகள் என்பது அவர் கட்சி.

"குப்பைங்கறாங்க. இரும்புக்கு வேண்டாம்னா குப்பையாயிடுமா? எங்கப்பாவுக்குக்கூடத்தான் நான் வேண்டாம். நாலாவது பொண்ணு. மல்சுன்னு பேர் வச்சா அதுக்கப்புறம் பையன் பொறப்பான்னு எவனோ சொன்னான்." நம்மூரில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதேதான். "அஞ்சாவதும் பொண்ணுதான். அவளுக்குப் பேர் வைக்கிறதுக்கே எங்கப்பா ரொம்ப நாள் எடுத்துக்கிட்டார்."

கசடுக் காங்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. அது அவசரப்படாது. சிமெண்ட் காங்கிரீட் முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்கிற நேரத்தில் இது சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். ஆனால் பெரிய உருப்படிகளில், அதாவது கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரே கட்டியாக வார்க்கிற இடங்களில், அந்த நிதானம்தான் காப்பாற்றுகிறது. சிமெண்ட் மட்டும் போட்டால் நடு வயிறு கொதித்து, வெளித்தோல் ஆறி, இரண்டும் ஒன்றையொன்று இழுத்து வெடிப்பு விட்டுவிடும். கசடு மெல்லச் சூடாகி மெல்ல ஆறும். கடல் உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தின்பதையும் விடாது. இதையெல்லாம் மல்சுன் அம்மாள் எத்தனை பேருக்கு, எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. கேட்டு முடித்தவுடன் ஆள் கேட்பது: "அப்ப எப்ப கெட்டியாகும் மேடம்?"

வார்த்த காங்கிரீட்டைப் போர்த்தி, நனைத்து, பக்குவப்படுத்துவதற்கும், நோயில் விழுந்தவர் உடம்பைத் தேற்றுவதற்கும் கொரிய மொழியில் ஒரே சொல்தான், யாங்செங். மற்றவர்களுக்கு அது வெறும் சொல். மல்சுன் அம்மாள் அதை அப்படியே நம்பிவிட்டார். முதல் குளிர்காலச் சோதனைக்கு வீட்டிலிருந்த, சூடு தரும் மின்சாரக் கம்பளியைக் கொண்டுபோய்ப் பரிசோதனைக் கட்டியின் மேல் விரித்தார். அவர் கணவர் அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு ஜோடி காலுறையோடு தூங்கினார். "காங்கிரீட்டாப் பொறந்திருந்தா என்னையும் போத்தி விட்டிருப்பா," என்று அவர் இன்றும் கறிக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார். மல்சுன் அம்மாள் சிரிப்பதில்லை. "உங்களுக்குச் சளி பிடிச்சா சரியாயிடும். அதுக்குப் பிடிச்சா சரியாகாது."

போன வசந்தத்தில் சோரித் தீவுப் பாலத்தின் முதல் தூணுக்கு ஃபுட்டிங், அதாவது அடித்தளம், போட்டார்கள். மல்சுன் அம்மாளின் கலவை முதன்முதலாக ஒரு பெரிய உருப்படிக்குள் போன இடம் அது. அதுவரை எல்லாம் சோதனைக் கட்டிகள், நடைபாதை ஓரங்கள், ஒரு மீன் சந்தையின் தரை. சைட்டின் தலைவர் நம்குங், தேவாலயத்தில் மூப்பர். குரலை உயர்த்தாமல் பேசுவார். அப்படிப் பேசுகிறவர்களிடம் மல்சுன் அம்மாளுக்குக் கூடுதல் எரிச்சல்.

"மேடம், உங்க கசடு நல்லதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா சோம்பேறி. எனக்கு மழைக்காலத்துக்குள்ள தூண் எழும்பணும்."

"சோம்பேறி இல்ல சார், நிதானம்."

"எதுவா இருந்தா என்ன. முதல் ஃபுட்டிங்ல ஒரு குறை வந்தாலும் மிச்சத் தூண் எல்லாத்துக்கும் பழைய சிமெண்ட்தான். உங்க முதலாளிகிட்டயும் பேசிட்டேன்."

முதலாளியும் சொல்லிவிட்டார். இது தவறினால் கசடுப் பேச்சை ஆலைக்குள் யாரும் எடுக்கக் கூடாது என்று. மல்சுன் அம்மாள் அன்று வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசாமல் இரண்டு பானை முட்டைக்கோஸ் கிம்ச்சி ஊறுகாய் போட்டார். எரிச்சல் வந்தால் அவர் முட்டைக்கோஸை அறைவார்.

காங்கிரீட் வார்க்கிற நாள் வந்தது. பெரிய வேலை தொடங்கும் முன் பூசை போடுவது வழக்கம். பன்றித் தலை வைத்து, அரிசிக் கள் படைத்து, ஆளாளுக்கு விழுந்து கும்பிட்டு, பிறகு கள்ளை நாலு மூலையிலும் தெளிப்பார்கள். நம்குங் மூப்பர் ஆனபடியால் சைட்டில் பன்றித் தலையும் கிடையாது, கள்ளும் கிடையாது. ஆனால் பூசையே வேண்டாம் என்று சொல்லவும் அவருக்குத் துணிவில்லை. பூசை போடாத பாலத்தில் ஏறமாட்டோம் என்று கம்பி கட்டுகிறவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரு வழி கண்டார். கள்ளுக்குப் பதில் சிக்யே. அரிசிச் சோற்றை மால்ட் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, ஆறவைத்துக் குடிக்கிற இனிப்புப் பானம். மெஸ்காரம்மா ஒரு அண்டா நிறையக் காய்ச்சிக் கொடுத்தார், தாராளமாகச் சர்க்கரை போட்டு.

பூசைக்குத் தலைமை தாங்க வேண்டிய மூப்பர் காலை ஜெபக் கூட்டம் முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. காங்கிரீட் வண்டி யாருக்கும் காத்திருக்காது. வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. "கொட்டுங்கப்பா, கும்புடுறது அப்புறம் கும்புட்டுக்கலாம்," என்றார் மல்சுன் அம்மாள். கொட்டி, மட்டம் தட்டி முடித்த பிறகு மூப்பர் வந்தார். வந்து ஒரு ஓரமாக நின்று, பார்க்கவும் செய்யாமல் பார்க்காமலும் இல்லாமல், கடலைப் பார்த்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக விழுந்து கும்பிட்டார்கள்.

காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் காங்கிரீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மல்சுன் அம்மாள். தன் முறை வந்தபோது அவரும் விழுந்தார். மற்றவர்களைவிட நீளமாக விழுந்தார். நெற்றி பாயில் பட, இந்தச் சனியன் ஒழுங்காக இறுகவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அன்று முழுவதிலும் அவர் அந்தப் பக்கம் பார்க்காத நேரம் அது ஒன்றுதான்.

சில நாள் கழித்து ஈரச் சாக்கையும் பிளாஸ்டிக் விரிப்பையும் விலக்கினார்கள். நடுவெல்லாம் கல். நாலு மூலையும் கஞ்சி. மேஸ்திரி கில் தல்சு, பூட்ஸ் நுனியால் ஒரு மூலையைத் தொட்டார். நுனி உள்ளே போனது. அன்று மட்டும் மல்சுன் அம்மாள் யாரையும் அடிக்கவில்லை. அடிப்பதற்குக் கை எழவில்லை.

நம்குங் வந்து பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் பொறுக்கவில்லை. "சொன்னேன்ல மேடம். சோம்பேறின்னு. அரசு ஆய்வாளர் வர்றதுக்குள்ள இடிக்கறதுக்கு ஏற்பாடு பண்ணிடறேன்."

"மூலைதான சார் இளகியிருக்கு. ஏன்னு பாக்காம இடிச்சா எப்படி?"

"ஏன்னு எனக்குத் தெரியுமே. கசடு."

மல்சுன் அம்மாளுக்கு ஆத்திரத்தில் கண் மண் தெரியவில்லை. கசடு இல்லையென்றால் வேறு யார்? கடைசியாக மேலடுக்குக்குக் கொட்டிய வண்டிகள் எல்லாம் தோ யொங்பே ஓட்டியவை. நாற்பது வயது ஆள், பேச்சு குறைவு. முன்பு ஒரு முறை கலவை கெட்டியாக வந்ததென்று தண்ணீர் விட்டுக் கலக்கி மாட்டிக்கொண்டவர். அது போதாதா. ஆலை வாசலில் எல்லா டிரைவர்களும் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

"குழாயைத் தொறந்தியா இல்லையா?"

"இல்ல மேடம்."

"பின்ன எப்படி அது கஞ்சியாச்சு? நான் தண்ணி ஊத்தினனா?"

யொங்பே காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார். "தண்ணி விட்டிருந்தா மேல பூராவும்ல இளகணும். நாலு மூலை மட்டும் எப்படி மேடம் இளகும்? என் வண்டி என்ன மூலை மூலையாப் போய் நின்னுச்சா?"

நியாயமான கேள்வி. நிதானமாக இருந்திருந்தால் மல்சுன் அம்மாளே இதைத்தான் கேட்டிருப்பார். ஆனால் அன்று அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை, ஆள் தேவைப்பட்டது. "வாய் பேசாத. இனி பாலத்துப் பக்கம் உன் வண்டி வரக்கூடாது," என்றார். யொங்பே மறுநாளிலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடி வாகன நிறுத்தத்துக்குத் தரை போடப் போனார். மற்ற டிரைவர்கள் மல்சுன் அம்மாளைக் கண்டால் காப்பியைச் சீக்கிரம் குடித்து முடித்தார்கள்.

அதன் பிறகு அவர் தனியாக ஃபுட்டிங்குக்குப் போய், மூலையில் குந்தி உட்கார்ந்து, சமையல் கரண்டி ஒன்றால் இளகியதைச் சுரண்டினார். எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்பதற்காக. நாலு விரல்கடை கீழே கரண்டி 'டங்'கென்று கல்லில் முட்டியது. அடியில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பின் மேலே மட்டும் என்ன கேடு? சுரண்டியதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். மணல், சரளை, சாம்பல் நிறக் கூழ். அதற்கு நடுவில் மஞ்சளாக, ஊறிப்போய், மெல்லிசாக ஒன்று.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சோற்றுப் பருக்கை.

இன்னொரு மூலைக்குப் போய்ச் சுரண்டினார். அங்கே மூன்று பருக்கைகள்.

அரிசிக் கள்ளில் பருக்கை இருக்காது. சிக்யேயில்தான் மிதக்கும். சர்க்கரை விழுந்த காங்கிரீட் இறுகாது என்று ரெடிமிக்ஸ் ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் பீப்பாய்க்குள் இறுகிப்போகாமல் இருக்கக் கொட்டுவதற்கென்றே ஆலையில் சர்க்கரை மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மூட்டை இருக்கிற அறையின் சாவி மல்சுன் அம்மாளின் இடுப்பில்தான் தொங்குகிறது. அவர் அந்த மூலையிலேயே உட்கார்ந்து, "அடி முண்டமே, அடி முண்டமே," என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மேஸ்திரி கில் தல்சு கொட்டகையில் கால் நீட்டி உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மல்சுன் அம்மாள் உள்ளங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன?"

"சோறு."

"எங்க இருந்துச்சு தெரியுமா? என் காங்கிரீட்டுல."

மேஸ்திரி யோசித்தார். "பூசையன்னிக்கு மூலைக்கு மூலை ஊத்தினேன்ல. அதா இருக்கும்."

"எவ்ளோ ஊத்தின?"

"மூலைக்கு ரெண்டு கெட்டில்."

"தெளிக்கிறதுன்னா ரெண்டு கெட்டிலா? வருஷா வருஷம் கள்ளு வச்சப்ப ஒரு கிண்ணம்தான தெளிப்ப?"

"அது கள்ளு மேடம். ஒரு கிண்ணம் சாமிக்குத் தெளிச்சா மிச்சத்தை நாங்க குடிப்போம்." மேஸ்திரி நூடுல்ஸைக் கீழே வைத்தார். விளக்கம் சொல்வதில் அவருக்கு உள்ளூர ஒரு நியாயம் இருந்தது. "இது சின்னப் புள்ளைங்க குடிக்கிற தண்ணி. எவன் குடிப்பான்? அண்டா நிறைய மிஞ்சிப் போச்சு. படைச்சதைச் சாக்கடையில ஊத்தக்கூடாதுல்ல. அதான் எல்லாத்தையும் சாமிக்கே குடுத்துட்டேன். நீங்க அப்பத்தான் விழுந்து கும்புட்டுக்கிட்டு இருந்தீங்க. ரொம்ப நேரம் எந்திரிக்கல."

மல்சுன் அம்மாள் மூங்கில் குச்சியால் தன் முதுகையே ஓங்கிச் சொறிந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

நம்குங் அலுவலகத்தில் ஆர்க்கிட் செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தெளிப்பானைக் கீழே வைத்துக் கதவைச் சாத்தினார். கசடு இல்லை, சர்க்கரை என்பதை அவர் உடனே புரிந்துகொண்டார். அது மட்டும் வெளியே போகக் கூடாது என்றார்.

"நான் சபை மூப்பர் மேடம். என் சைட்டுல, நான் நிக்கும்போது, பேய்க்குப் படையல் போட்டு அதனால ஃபுட்டிங் கெட்டுச்சுன்னு ஆய்வாளர் எழுதினா நான் ஞாயித்துக்கிழமை எந்த முகத்தோட போவேன்? மெதுவா இறுகற கலவை, மூலையில சரியா இறுகலன்னு சொல்லிடலாம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"யாருக்கும் நஷ்டம் இல்லயா?"

"கசடுதானே."

மல்சுன் அம்மாளுக்குக் காது சூடாகிவிட்டது. "உங்க பரலோகத்தைக் காப்பாத்த என் கசடு மேல பழியா? நடுவுல துளை போட்டு உருளை எடுங்க சார். ஆய்வாளர் முன்னாடியே அழுத்திப் பாப்போம். நடுவும் சரியில்லன்னா நானே ஆள் கொண்டாந்து இடிச்சுத் தர்றேன், எவன் என்ன ஊத்தினான்னும் வாயைத் தொறக்க மாட்டேன்."

மூப்பர் சம்மதித்தார். நடுவும் தோற்றுவிட்டால் அவருக்கு எல்லாம் சுலபம்.

அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் மல்சுன் அம்மாளுக்குப் பயம் பிடித்தது. வாய் வீரமாகப் பேசிவிட்டது. ஆனால் இவ்வளவு பெரிய கட்டியின் நடு வயிற்றை இதுவரை யார் பார்த்தார்கள்? பரிசோதனைக்கூடத்துத் தொட்டியில் கிடக்கிற சின்ன உருளைகள் இன்னும் மந்தமாகத்தான் இருந்தன. அவை தனியாகச் சில்லென்ற தண்ணீரில் படுத்தவை, ஃபுட்டிங் குடும்பமே ஒரே போர்வைக்குள் படுத்தது, அதன் சூடே அதைத் தேற்றும் என்று அவர் எத்தனையோ பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார். சொன்னது சரிதானா என்று அவருக்கே அன்று தெரியவில்லை. வீட்டில் முட்டைக்கோஸ் தீர்ந்துபோய், முள்ளங்கியை வெட்டினார்.

ஆய்வாளர் வந்த நாளில் துளைபோடும் இயந்திரம் நடுவில் இறங்கி, நீளமான உருளை ஒன்றை வெளியே இழுத்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள். உருளை நீலமும் பச்சையுமாக, ஆழமான கடல் நிறத்தில் இருந்தது.

"அழுகிப் போச்சா?" என்றார் ஆய்வாளர்.

மல்சுன் அம்மாள் பெருமூச்சு விட்டார். "அதோட நிறமே அதுதான் சார். காத்துப் படாம இருந்தா இப்படித்தான் இருக்கும். வெளிய வச்சா நாலஞ்சு நாள்ல வெளுத்து மத்ததைப் போல ஆயிடும். வெளுக்கறதுதான் சார் கெட்ட பழக்கம், இது இல்ல."

நம்குங் ஆய்வாளரின் காதோரம் போய், "பயமா இருந்தா மேல சாம்பல் பெயிண்ட் அடிச்சிடலாம்," என்றார். மல்சுன் அம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்தினார்.

உருளையைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய், துண்டு போட்டு அழுத்தும் இயந்திரத்தில் வைத்தார்கள். எண் ஏறத் தொடங்கியது. வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் வந்தது. எண் அந்த அளவைத் தொட்டது, தாண்டியது, தாண்டிய பிறகும் நிற்கவில்லை. வெகுதூரம் போன பின்தான் உருளை 'படார்' என்று உடைந்தது. மல்சுன் அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நடு இவ்ளோ நல்லா இருக்கே," என்றார் ஆய்வாளர். "அப்ப மூலை ஏன் இளகுச்சு?"

மேஸ்திரி கில் தல்சு தன் பூட்ஸைப் பார்த்தார். மல்சுன் அம்மாள் நடு தோற்றால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார், இப்போது தாராளமாகப் பேசலாம். ஆனாலும் பேசாமல் நம்குங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார், பிறகு மறுபடி இறுக்கினார்.

"சிக்யே ஊத்தினோம்," என்றார் கடைசியில், வழக்கமான அந்த மெல்லிய குரலில். "பூசையில. கள்ளு வேண்டாம், அதை வைங்கன்னு சொன்னது நான்தான். லேட்டா வந்ததும் நான்தான். கலவையில ஒரு குறையும் இல்ல."

ஆய்வாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சர்க்கரை போட்டா காய்ச்சினீங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையில் கை வைத்துக்கொண்டார். மூலைகளைக் கல் தட்டுகிற ஆழம் வரை வெட்டியெடுத்துப் புதிதாக வார்ப்பது, மிச்சத் தூண்களுக்கும் இதே கலவை என்று முடிவாயிற்று. மல்சுன் அம்மாள் நன்றி சொல்லவில்லை. வெளியே வரும்போது நம்குங் பக்கம் திரும்பி, "அந்தப் பெயிண்ட் டப்பாவை உங்க ஆர்க்கிட் செடிக்கு அடிங்க," என்றார்.

இரண்டாவது ஃபுட்டிங் வார்க்கிற நாளில் எல்லாம் முறைப்படி நடந்தது. மூப்பர் நேரத்துக்கு முன்பே வந்து நின்றிருந்தார். வண்டிகளை அனுப்புகிற பெண்ணிடம் மல்சுன் அம்மாள் முந்தின நாளே, "அந்த யொங்பேயையும் அனுப்பு," என்று சொல்லியிருந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். யொங்பே வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லாமல், வண்டியைப் பின்னுக்கு எடுத்து, கொட்டி முடித்து, ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டார். மல்சுன் அம்மாள் அந்த வண்டியைத் தாண்டி இரண்டு முறை போனார். இரண்டு முறையும் ஏதோ கேட்பதற்காக நின்று, சக்கரத்தில் ஒட்டிய சேற்றைப் பற்றி யாரையோ திட்டிவிட்டு நகர்ந்தார்.

மேஸ்திரி கெட்டிலோடு வந்தார். "மேடம், படைச்சாச்சு. மூலையில ஊத்தக் கூடாதுன்னுட்டீங்க. கீழயும் கொட்டக் கூடாது. இதை இப்ப எங்கதான் ஊத்தறது?"

"குடு இங்க."

கெட்டிலையும் படையலில் இருந்த கிண்ணத்தையும் பிடுங்கிக்கொண்டு மல்சுன் அம்மாள் வண்டிக்கு நடந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவை விரல் முட்டியால் தட்டினார். யொங்பே கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"எறங்க வேண்டாம்," என்றார் மல்சுன் அம்மாள். குரலில் பழைய எரிச்சல் அப்படியே இருந்தது. "சீட்டுல சிந்தினா தொலைச்சுப்புடுவேன்."

ரப்பர் பூட்ஸோடு வண்டிப் படியில் ஏறி, கிண்ணத்தை நிறைத்து, கெட்டிலைப் படியில் வைத்துவிட்டு, வலது கையால் உயர்த்தினார். இடது உள்ளங்கையை வலது முழங்கைக்கு அடியில் தாங்கக் கொடுத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தினார், வயதில் சின்னவர்கள் பெரியவர்களுக்குக் கொடுக்கிற முறையில். யொங்பே கிண்ணத்தைப் பார்த்தார், அந்த இடது கையைப் பார்த்தார், வெகு நேரம் வாங்காமல் இருந்தார். மல்சுன் அம்மாள் கையை இறக்கவில்லை.